சென்னையின் பஸ், ரயில் தடங்களை நாமே திட்டமிட்டுப் பார்ப்பது எப்படி? கோடு வரைவது முதல் மனு போடுவது வரை

2011ல் சென்னைக்கு 111 கிலோமீட்டர் மோனோ ரயில் வரப்போகிறது என்று மாநில அரசு அறிவித்தது. தடங்களின் பட்டியல் வந்தது, டெண்டர் பேச்சு நடந்தது, தேதிகள் தள்ளிக்கொண்டே போயின. கடைசியில் ஒரு தூண்கூட எழவில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயிலை நீட்டும் வேலை 2008ல் தொடங்கியது. மொத்தமே 5 கிலோமீட்டர்தான். அதிலும் கடைசி அரை கிலோமீட்டர் நில வழக்குகளில் மாட்டி, பல ஆண்டுகள் தூண்கள் மட்டும் அந்தரத்தில் நின்றன.

அரசாங்கம் போட்ட கோட்டுக்கே இந்தக் கதி. நாம் வீட்டில் உட்கார்ந்து போடும் கோடுகளுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். மதிப்பு உண்டு, ஆனால் கோட்டோடு நின்றுவிடக் கூடாது. எத்தனை வண்டி வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும், யார் பணம் தருவார்கள், யாருக்கு இதனால் சிரமம் என்ற நான்கையும் பக்கத்தில் எழுதிவிட்டால், அதே கோடு விவாதிக்கத் தகுந்த யோசனையாகிவிடும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம். உதாரணங்கள் எல்லாம் சென்னையிலிருந்துதான். கோவைக்கோ மதுரைக்கோ யோசிப்பவர்கள் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு அதேதான்.

படி 1: வரைபடத்தை மூடி வைத்துவிட்டு ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானவர்கள் வரைபடத்தைத் திறந்து, காலியாகத் தெரியும் இடத்தில் கோடு இழுப்பார்கள். வரைபடத்தில் காலியாகத் தெரிவது பெரும்பாலும் ஏரியாகவோ சதுப்பு நிலமாகவோ இருக்கும். பள்ளிக்கரணை அதற்கு நல்ல உதாரணம். ஆகவே முதலில் ஒரு மனிதரையும் அவருடைய ஒரு நாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தக் கட்டுரை முழுக்கப் பயன்படுத்தப் போகிற பயணம் இது: பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண், மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். மதியம் திரும்புவார். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் இருப்பவர்களில் பெரும்பகுதி, கூவம் கரையிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் குடியமர்த்தப்பட்டவர்கள். வீடு நகரின் விளிம்புக்குப் போய்விட்டது, வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. இதைவிடத் தெளிவான போக்குவரத்துப் பிரச்சினை இந்த ஊரில் குறைவு.

ஏன் ஐடி ஊழியரை எடுக்கவில்லை? அவருக்கும் சிரமம் உண்டுதான். ஆனால் திட்டம் போடும் எல்லாருமே காலை ஒன்பது மணி, மாலை ஆறு மணிப் பயணத்தைத்தான் யோசிக்கிறார்கள். அதிகாலை ஐந்தரைக்கும் மதியம் ஒரு மணிக்கும் போகிறவர்களை வைத்து யோசித்தால், நெரிசல் நேரம் முடிந்ததும் பஸ்களைக் குறைக்கும் பழக்கம் எவ்வளவு பேரைப் பாதிக்கிறது என்பது தெரியவரும்.

நீங்கள் ஐந்தாறு பயணங்களை எடுக்கலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஆவடியிலிருந்து போகும் ஷிப்ட் தொழிலாளி, குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே ரேஷன் கடைக்கும் போய் வீடு திரும்பும் தாய், ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைக்கு மாதம் ஒருமுறை திருவொற்றியூரிலிருந்து வரும் முதியவர். ஒவ்வொருவருக்கும் புறப்படும் நேரம், போய்ச் சேர வேண்டிய நேரம், கையில் என்ன சுமை, எவ்வளவு செலவழிக்க முடியும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: இப்போது என்ன ஓடுகிறது என்று போய்ப் பாருங்கள்

கைபேசிச் செயலி ஒரு தடத்தைக் காட்டுகிறது என்பதற்காக அங்கே பஸ் இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு நடை போகும் தடமும் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும் தடமும் படத்தில் ஒரே தடிமனில்தான் தெரியும். உங்கள் முதல் வேலை அந்தத் தடிமனை மாற்றுவது.

ஒரு நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். நோட்டில் மூன்றே பத்தி போதும்: தட எண், வந்த நேரம், கூட்டம். கூட்டத்தை உட்கார இடம் இருந்தது, நிற்க இடம் இருந்தது, படிக்கட்டில் தொங்கினார்கள் என்று மூன்று வகையாகப் பிரித்தால் போதும். வெள்ளை போர்டா, டீலக்ஸா, ஏசியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு எனப்படும் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே ஒரு பெண்ணுக்கு அந்த நிறுத்தத்தில் எத்தனை பஸ் வருகிறது என்பதும், ஓர் ஆணுக்கு எத்தனை வருகிறது என்பதும் நடைமுறையில் வேறு வேறு கணக்கு. டீலக்ஸ் வந்தாலும் அவர் ஏற மாட்டார், அடுத்த வெள்ளை போர்டுக்காகக் காத்திருப்பார்.

அப்புறம் வரைபடத்துக்கு வாருங்கள். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை அடியில் வைத்து யூமேப் போன்ற இலவசக் கருவியில் வரையலாம். இல்லையென்றால் வரைபடத்தை அச்செடுத்து ஸ்கெட்ச் பேனாவால் வரையுங்கள், எதுவும் குறைந்துவிடாது. பத்து நிமிடத்துக்குள் ஒன்று வரும் தடங்களுக்குத் தடித்த கோடு. இருபது நிமிடம் வரை மெல்லிய கோடு. அதற்கு மேல் எல்லாம் புள்ளிக்கோடு. வரைந்து முடித்ததும் நகரம் திடீரென்று சுருங்கிவிடும். ஜிஎஸ்டி சாலை, அண்ணா சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, ஓஎம்ஆர் என நகரின் நடுவிலிருந்து வெளியே விரியும் ஆரச் சாலைகள் தடித்துத் தெரியும். அவற்றுக்குக் குறுக்கே போகும் இணைப்புகள் பல இடங்களில் புள்ளிகளாகக் கரைந்திருக்கும்.

ஒரு குறுக்குவழி சொல்கிறேன். ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அங்கே காசு கொடுத்துப் போக ஆள் இருக்கிறது, பஸ் போதவில்லை என்று அர்த்தம். எந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையைவிடவும் இந்த ஆதாரம் எனக்கு நம்பகமாகப் படுகிறது, ஏனென்றால் ஆட்டோக்காரர் தன் டீசல் காசைப் பந்தயம் வைத்து அங்கே நிற்கிறார்.

படி 3: காத்திருப்பைக் கணக்கிடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. இதைச் செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒரே விவாதத்தில் இருந்தால் இரண்டு தரப்பும் வேறு வேறு மொழி பேசுவதுபோல இருக்கும்.

பஸ்கள் சீரான இடைவெளியில் வந்தால் சராசரிக் காத்திருப்பு அந்த இடைவெளியில் பாதி. மணிக்கு நான்கு பஸ் என்றால் இடைவெளி 15 நிமிடம், சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்பீர்கள். அதே நான்கு பஸ்ஸும் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தால்? அரை மணிக்கு ஒரு ஜோடி. சராசரிக் காத்திருப்பு 15 நிமிடமாகிவிடும். டீசல் அதே, ஓட்டுநர் அதே, பயணிக்குக் கிடைத்தது பாதி.

இப்படி ஒட்டிக்கொண்டு வருவதற்கு ஓட்டுநர்களைத் திட்டுவது நம் வழக்கம். நடப்பது வேறு. முன்னால் போகும் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் மூன்று நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிறுத்தத்தில் அந்த மூன்று நிமிடத்தில் சேர்ந்த கூடுதல் ஆட்களையும் ஏற்ற வேண்டும், அதனால் இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற ஆளே இல்லை, அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. தாமதம் தானே வளரும். புதிய பஸ் வாங்கி விட்டால் அதுவும் இந்தக் கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். தடத்தின் நடுவே ஓர் இடத்தில் பின்வரும் பஸ்ஸை இரண்டு நிமிடம் நிறுத்திவைப்பது, சிக்னலில் பஸ்ஸுக்கு முன்னுரிமை தருவது, எல்லா வாசலிலும் ஏறவும் இறங்கவும் விடுவது ஆகியவைதான் மருந்து. இவை எதற்கும் அடிக்கல் நாட்டு விழா நடத்த முடியாது. அதனால்தான் செய்தியிலும் வருவதில்லை.

இப்போது வண்டிக் கணக்கு. ஒரு தடத்துக்கு எத்தனை பஸ் வேண்டும் என்பதற்குச் சூத்திரம் எளிது: போய்த் திரும்பி மறுபடி புறப்பட ஆகும் மொத்த நேரத்தை, நீங்கள் விரும்பும் இடைவெளியால் வகுக்க வேண்டும்.

பெரும்பாக்கத்துப் பெண்ணுக்கு வருவோம். மந்தைவெளிக்கு நேரடி பஸ் என்றால் ஒரு வழிக்கு 70 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் ஓய்வு. மொத்தம் 160 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட 16 பஸ் தேவை. டெப்போவில் நமக்கு ஏழுதான் தருகிறார்கள் என்றால் 23 நிமிடத்துக்கு ஒன்றுதான் விட முடியும்.

அதே ஏழு பஸ்ஸை வேளச்சேரி ரயில் நிலையம் வரை மட்டும் ஓட்டினால்? ஒரு வழிக்கு 30 நிமிடம், முனைக்கு ஐந்து நிமிட ஓய்வு, மொத்தம் 70 நிமிடம். ஏழு பஸ்ஸில் பத்து நிமிடத்துக்கு ஒன்று விடலாம். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயில் தரமணி, திருவான்மியூர், கோட்டூர்புரம் வழியாக மந்தைவெளிக்கே போகிறது.

மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நேரடி பஸ்ஸில் சராசரிக் காத்திருப்பு பதினொன்றரை, பயணம் 70, ஆக 80 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். மாறிப் போனால் பஸ்ஸுக்கு 5, பயணம் 30, நிலையத்துக்குள் நடக்க 5, ரயிலுக்குக் காத்திருக்க 10, ரயிலில் 20. ஆக 70. பத்து நிமிடம் மிச்சம். ரயில் இருபது நிமிடத்துக்கு ஒன்று என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக்கினால் இன்னும் ஐந்து குறையும். இந்த நிமிடங்கள் எல்லாம் நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள். நீங்கள் ஏறிப் போய் நேரம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். முறைதான் முக்கியம்.

வேகத்துக்கும் இங்கே ஓர் இடம் இருக்கிறது. நேரடித் தடத்தில் பஸ்ஸுக்குத் தனி வழி கொடுத்து 70 நிமிடத்தை 55 ஆக்கினால் சுற்று 130 நிமிடமாகும். பத்து நிமிட இடைவெளிக்கு 13 பஸ் போதும். மூன்று பஸ் இலவசமாகக் கிடைத்த மாதிரி. நெரிசலில் பஸ் நிற்பதால் உள்ளே இருப்பவருக்கு மட்டும் நேரம் போவதில்லை, அடுத்த நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கான பஸ்ஸும் காணாமல் போகிறது.

படி 4: மாறி ஏறும் இடங்களைப் படி எண்ணிப் பாருங்கள்

மேலே போட்ட கணக்கு காகிதத்தில் வென்றது. நேரில் தோற்கலாம். எப்படி?

முதலாவது, கட்டணம். நேரடி பஸ்ஸில் அந்தப் பெண்ணுக்குச் செலவே இல்லை. ரயிலுக்கு மாறினால் ஐந்தோ பத்தோ கொடுக்க வேண்டும். போக வரத் தினமும் என்றால் அவருக்கு அது கணக்கில் வரும் தொகை. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். நல்ல தொடக்கம். ஆனால் ஒரே டிக்கெட் வேறு, ஒரே கட்டணம் வேறு. ஒவ்வொரு முறை மாறி ஏறும்போதும் குறைந்தபட்சக் கட்டணம் முதலிலிருந்து தொடங்கினால், மாறி ஏறுகிறவர் தண்டனை கட்டுகிறார். விவாதத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்.

இரண்டாவது, நடை. பறக்கும் ரயில் நிலையங்களை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரமாண்டமான கட்டடம், உள்ளே பாதி காலி, நடைமேடையோ மேலே எங்கோ. 1995ல் கடற்கரை–சேப்பாக்கம், 2007ல் வேளச்சேரி வரை என்று வளர்ந்த அந்தத் தடத்தில் நிலைய வாசலுக்கே பஸ் வருகிற இடங்களை விரல்விட்டு எண்ணலாம். பஸ்ஸிலிருந்து இறங்கி நடைமேடை சேரும்வரை எத்தனை படி, எத்தனை மீட்டர், கூரை உண்டா, மின்தூக்கி ஓடுகிறதா, அதிகாலை ஐந்தரைக்கு விளக்கு எரிகிறதா என்று எழுதுங்கள். நிழலும் வெளிச்சமும் இல்லாத 300 மீட்டர் சென்னையில் 300 மீட்டர் அல்ல.

மெட்ரோ 2ம் கட்டம் முடிந்ததும் திருமயிலையில் இரண்டு மெட்ரோ தடங்களும் பறக்கும் ரயிலும் சந்திக்கும். வரைபடத்தில் அது ஒரே ஒரு வட்டம். நேரில் அது ஆழத்தில் இருக்கும் சுரங்க நடைமேடையிலிருந்து தெருவுக்கு மேலே தொங்கும் ரயில் நடைமேடை வரை ஏறுவது. யோசனை சொல்கிறவர்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கும் நிமிடங்களையும் எழுத வேண்டும்.

மாறும் இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கம் பாடம். 2023 டிசம்பர் 30ல் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென் மாவட்டப் பஸ்கள் அங்கே மாறின. பக்கத்திலேயே தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதை போகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் மறுபடி ஒரு மாநகரப் பஸ்ஸையோ ஆட்டோவையோ தேடினார்கள். உங்கள் யோசனையில் புது முனையம் எதுவும் இருந்தால், இணைப்பு முதலில், திறப்பு விழா அப்புறம் என்று வரிசை போடுங்கள்.

படி 5: வாகனத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

மெட்ரோவா, டிராம் வண்டியா, மோனோவா, ரோப் காரா என்பதில்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். அது ஐந்தாவது படி. ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பேர் போக வேண்டும் என்பது தெரிந்தபிறகு விடை பெரும்பாலும் தானே வந்துவிடும்.

ஒரு பஸ்ஸில் நிற்பவர்களையும் சேர்த்து 60 பேர், இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 1,800 பேர். நான்கு பெட்டி மெட்ரோவில் சுமார் 1,200 பேர், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 14,400. உங்கள் தடத்தில் மணிக்கு ஆயிரம் பேர்தான் என்றால் மெட்ரோ கேட்பது வீண். பத்தாயிரம் பேர் என்றால் பஸ்ஸை மட்டும் வைத்துச் சமாளிப்பது சிரமம்.

செலவு? மெட்ரோ 2ம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 530 கோடி. ஒரு மின்சாரத் தாழ்தளப் பஸ் ஒன்றரைக் கோடி என்று வைத்தால், ஒரு கிலோமீட்டர் மெட்ரோவின் காசில் 350 பஸ் வாங்கலாம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம் பஸ்தான். இந்த ஒப்பீட்டைச் சொல்லிவிட்டு மெட்ரோவே வேண்டாம் என்று முடித்துவிடாதீர்கள். பஸ்ஸுக்கு ஓட்டுநர், நடத்துநர், டீசல் அல்லது மின்சாரம் என்று வருடா வருடம் செலவு உண்டு. அதோடு அந்த 350 பஸ்ஸும் அதே நெரிசலில்தான் நிற்கும். ஆனால் அடுத்த பத்து வருடத்துக்கு இந்த நகரம் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், பஸ்ஸும் பஸ்ஸுக்கான தனி வழியும்தான் என்பேன். மெட்ரோ கட்டி முடியும்வரை காத்திருக்கச் சொல்லி எவரையும் நிறுத்தத்தில் நிற்க வைக்க முடியாது.

படி 6: உண்மையான சண்டையை அடையாளம் காணுங்கள்

போக்குவரத்து விவாதங்களில் மேலோட்டமாக ஆயிரம் சண்டை இருக்கும். அடியில் இரண்டுதான்.

ஒன்று, நேரடிப் பஸ்ஸா மாறி ஏறுவதா. நம் ஊரில் நேரடிப் பஸ்ஸுக்கு ஒரு பாசம் உண்டு. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு 29சி, பிராட்வேயிலிருந்து தாம்பரம் பக்கம் 21ஜி என்று எண்ணைச் சொன்னாலே அந்த வழியில் வளர்ந்தவர்களுக்கு முகம் மலரும். இருக்கை பிடித்துவிட்டால் தூங்கிக்கொண்டே போகலாம். பையோடு போகும் முதியவருக்கு மாறி ஏறுவது உண்மையான வலி. மறுபக்கம், எல்லா ஊரையும் எல்லா ஊரோடும் நேரடியாக இணைக்கப் போனால் தடங்கள் பெருகி ஒவ்வொன்றிலும் பஸ் சிதறிவிடும். தென் கொரியாவின் சோல் நகரம் 2004 ஜூலையில் முழுப் பஸ் அமைப்பையும் மாற்றி, நெடுந்தடம், கிளைத்தடம் என்று நிறம் பிரித்தது. முதல் நாட்களில் கட்டண அட்டை இயந்திரங்கள் திணறி ஒரே குழப்பம், மக்கள் கோபம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டன் 2015 ஆகஸ்டில் ஒரே நாளில் தன் பஸ் வரைபடத்தை மாற்றி, நகர மையத்தையே சுற்றிக்கொண்டிருந்த தடங்களைக் கட்டங்களாகப் பிரித்தது. சென்னையில் அப்படியே செய்ய முடியாது, ஏனென்றால் அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற சில இடங்களைத் தவிர நம் சாலைகள் கட்டம் கட்டமாக இல்லை. ஆனால் நூறடிச் சாலை போன்ற சுற்றுச் சாலைகளில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டு, ஆரச் சாலைகளோடு அது சந்திக்கும் இடங்களைச் சரிசெய்வது நம்மால் ஆகும்.

இரண்டாவது, கூட்டம் இருக்கும் இடத்தில் அதிகம் விடுவதா, எல்லா ஊருக்கும் கொஞ்சம் விடுவதா. பத்து பஸ் இருக்கிறது. பத்தையும் ஜிஎஸ்டி சாலையில் விட்டால் பயணிகள் எண்ணிக்கை ஏறும். ஆனால் மாங்காட்டுக்கு உள்ளே இருக்கும் தெருவில் இருப்பவருக்கு நாளைக்கு நான்கு நடையாவது வேண்டாமா? 2013ல் வந்த சிற்றுந்துகள் இந்தக் கேள்விக்கு ஒரு பதில். இதில் சரியான விடை என்று ஒன்று கிடையாது. எத்தனை பங்கு அதற்கு, எத்தனை பங்கு இதற்கு என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் நேர்மை. நான் பத்தில் ஏழு கூட்டத்துக்கு, மூன்று எல்லா ஊருக்கும் என்பேன். நீங்கள் ஐந்து–ஐந்து என்று சொன்னால் நாம் நன்றாகச் சண்டை போடலாம், ஏனென்றால் இரண்டு பேருமே ஒரே பத்து பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறோம்.

படி 7: எதிர்வாதங்களுக்குத் தயாராகுங்கள்

"இருக்கிற ரோடே போதவில்லை, இதில் பஸ்ஸுக்குத் தனி லேனா?" நிச்சயம் வரும் கேள்வி. வண்டிகளை எண்ணாமல் ஆட்களை எண்ணச் சொல்லுங்கள். ஒரு கூட்டமான பஸ்ஸில் 60 பேர், சென்னைக் காரில் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். ஆனால் கேட்பவரை முட்டாளாக்காதீர்கள், அவர் பக்கம் டெல்லி இருக்கிறது. 2008ல் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே திறந்த விரைவுப் பஸ் வழியை, எதிர்ப்பு தாங்காமல் 2016ல் பெயர்த்தெடுத்தார்கள். அகமதாபாதில் 2009ல் தொடங்கியது இன்னும் ஓடுகிறது. சாலைச் சந்திப்பு, சிக்னல், நிறுத்தத்துக்குச் சாலையைக் கடந்து போகும் வசதி எல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்று சொன்னால் விவாதம் முன்னே நகரும்.

"மேம்பாலம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவரிடம் அந்தப் பாலத்தின் அடுத்த சிக்னலில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

"பெண்களுக்கு இலவசம் கொடுத்ததால்தான் கழகம் நட்டம்" என்ற வாதமும் வரும். பஸ் கழகங்கள் 2021க்கு முன்பும் நட்டத்தில்தான் இருந்தன. இலவசப் பயணத்துக்கு அரசு ஈடு தருகிறது. அந்தத் தொகை போதுமா, நேரத்துக்கு வருகிறதா என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அதோடு, இலவசப் பயணிகளை ஏற்றாமல் போகிற பஸ்களைப் பற்றிய புகாரும் உண்மையானது, அதையும் பேச வேண்டும்.

நீங்களும் ஒன்றைத் தவிர்க்க வேண்டும். "அரசியல்வாதிகளுக்கு மனசில்லை" என்று முடித்துவிடுவது. உண்மையாக இருக்கலாம், ஆனால் அதற்குமேல் பேச்சு போகாது.

படி 8: யாரிடம் போக வேண்டும்

பஸ் மாநில அரசின் கழகத்துடையது. மின்சார ரயிலும் பறக்கும் ரயிலும் தெற்கு ரயில்வேயின் கீழ் வளர்ந்தவை. மெட்ரோ நிறுவனம் மத்திய, மாநில அரசுகளின் கூட்டு. சிக்னல் போக்குவரத்துக் காவல் துறையிடம். பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையிடம், மற்றவையும் நடைபாதையும் மாநகராட்சியிடம். நில உபயோகம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவிடம். இவர்களை எல்லாம் ஒரே மேசைக்குக் கொண்டுவரத்தான் கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம். அதற்கான சட்டம் 2010ல் நிறைவேறியது, அமலுக்கு வரவே 2019 ஆகிவிட்டது.

ஆகவே "சென்னைப் போக்குவரத்தைச் சீர்செய்க" என்று ஒரு மனு அனுப்பினால் அது எந்த மேசையிலும் நிற்காது. துண்டு துண்டாக்குங்கள். வேளச்சேரி நிலைய வாசலுக்குப் பஸ் நிறுத்தத்தை மாற்றுவது: மாநகரப் போக்குவரத்துக் கழகமும் மாநகராட்சியும் போக்குவரத்துக் காவலும். அதிகாலை ரயில் இடைவெளியைக் குறைப்பது: ரயில்வே. மாறி ஏறினால் ஒரே கட்டணம்: கும்டா. ஒவ்வொரு மனுவும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். இப்போது என்ன, நாம் கேட்பது என்ன, எத்தனை பஸ் வேண்டும் அல்லது வேண்டாம், யாருக்கு லாபம், யாருக்குச் சிரமம், மூன்று மாதம் சோதனையாக ஓட்டிப் பார்க்க முடியுமா. சிரமப்படப் போகிறவர்களை மறைக்காதீர்கள். பெரும்பாக்கத்து நேரடிப் பஸ்ஸைக் குறைத்தால் அடையாறில் நடுவழியில் இறங்குபவருக்குக் கஷ்டம் என்று நீங்களே எழுதிவிட்டால், அதிகாரி அதைக் கண்டுபிடித்து மனுவை ஒதுக்க வேண்டியதில்லை.

அனுப்புவதற்கு முன்னால் அந்தத் தடத்தில் தினமும் போகிற மூன்று நான்கு பேரிடமும், முடிந்தால் ஒரு நடத்துநரிடமும் படித்துக் காட்டுங்கள். எந்த நிறுத்தத்தில் கூட்டம் பிதுங்கும், எந்தத் திருப்பத்தில் பஸ் திரும்பாது, எந்த சிங்கிளில், அதாவது எந்த ஒருவழி நடையில், ஆளே இருக்காது என்று அவர் சொல்லிவிடுவார்.

பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். கருத்தோ காரணமோ கேட்காதீர்கள், பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்: இந்தத் தடத்தில் சென்ற மாதம் திட்டமிட்ட நடைகள் எத்தனை, இயக்கியவை எத்தனை, ரத்தானவற்றில் வண்டி இல்லாமல் எத்தனை, ஆள் இல்லாமல் எத்தனை. அந்த நான்கு எண்கள் கைக்கு வந்ததும் உங்கள் வரைபடத்தை எடுத்து 3ம் படியின் கணக்கை இன்னொரு முறை போடுங்கள். உங்களுக்குத் தேவைப்படுவது புதிய தடமா, ஏற்கெனவே காகிதத்தில் இருக்கும் தடம் ஒழுங்காக ஓடுவதா என்று அப்போது தெரியும்.